நாத்தனாரும் நானும் கம்பி எண்ணியது

என் கணவரின் தங்கை புதுப்பட்டினத்தில் வீடு கட்டிக் குடிபோன அன்று, வந்தவர்கள் எல்லோர் முன்னிலையிலும் நான் ஒரு வாக்கியம் சொன்னேன். "ஹால் சின்னதா இருந்தாலும் காத்து நல்லா வருது." பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னேன். நாத்தனார் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் நேர்ப்பேச்சு நின்றுபோனது. சண்டை என்று சொல்ல முடியாது. ஃபோன் செய்தால் "அண்ணா இருக்காரா?" என்பாள். நான் "இருக்கார்" என்று சொல்லிக் கொடுத்துவிடுவேன். செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தால், நான் பக்கத்தில் நிற்கும்போதே தன் அண்ணனிடம், "அண்ணியைக் காபியில சக்கரை கம்மியா போடச் சொல்லுங்க" என்பாள். நானும் அவரிடம்தான், "கம்மியாத்தான் போட்டிருக்கேன்னு சொல்லுங்க" என்பேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கேட்டுச்சா?" என்று பொதுவாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு நல்ல பல் டாக்டர் இருக்கிறார். ரூட் கெனால் செய்ய வேண்டும், நாலைந்து தடவை வரவேண்டும் என்றார். "ஒவ்வொரு தடவையும் பஸ்ல அலையாதே, முடியற வரைக்கும் இங்கேயே தங்கு" என்று அண்ணன் சொல்லிவிட்டார். தங்கையிடம் சொல்லிவிட்டு, பிறகு என்னிடம் வந்து, தங்கச் சொல்லலாமா என்று கேட்டார். எங்கள் வீட்டில் அனுமதி வாங்கும் முறை அதுதான்.

முதல் நாள் டாக்டரிடம் போய்விட்டு வந்தவளுக்கு ஊசி போட்டதில் பாதி முகம் மரத்துப் போயிருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்தாள். நான் துணி எடுக்க மேலே போனேன். வழக்கம்போல் இருவரும் வேறு வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ரென்து" என்றாள் திடீரென்று.

மாடியில் என்னைத் தவிர யாரும் இல்லை. அண்ணன் கீழே இருந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "என்ன ரெண்டு? மாத்திரையா?" என்று கேட்டேன். வருஷக்கணக்கில் அவளிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

தலையை ஆட்டிவிட்டு வானத்தைக் காட்டினாள். "கம்வி. ரென்தே ரென்து."

எங்கள் வீடு ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. பின்பக்கம் வயல், அதற்கப்பால் ஏரி. வயலுக்கு நடுவே பெரிய இரும்பு டவர்கள் வரிசையாகப் போகும். அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் துணி உலர்த்துகிறேன். பார்த்துக்கொண்டே என்று சொல்வது தவறு. அவை இருக்கும் திசையில் என் முகம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போதுதான் பார்த்தேன். டவரின் இடது பக்கம் ஒரு கை, வலது பக்கம் ஒரு கை. ஒவ்வொரு கையிலும் பீங்கான் தட்டுகளைக் கோத்த சரம் தொங்கியது. ஒவ்வொரு சரத்திலும் ஒரு கம்பி. ஆக, இரண்டு.

"அதனால என்ன?" என்றேன்.

அவள் மரத்துப்போன வாயோடு விளக்கினாள். பல் வலியை மறப்பதற்காகப் புதுப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜன்னல் வழியே கரண்ட் கம்பிகளை எண்ணிக்கொண்டே வந்தாளாம். அணு மின் நிலையம் இருக்கிற பக்கம் ஆயிற்றே, கம்பிக்குப் பஞ்சமில்லை. எல்லாம் மூன்று, இல்லாவிட்டால் ஆறு. மூன்றின் கணக்குத் தப்பவேயில்லை. எங்கள் வீட்டுப் பின்னால் மட்டும்தான் இரண்டு.

எங்கள் வீட்டுப் பின்னால் ஒன்று குறைகிறது என்று அவள் சொன்னது எனக்கு ஹால் விஷயத்துக்குப் பதிலடி போலப் பட்டது. நன்றாக உற்றுப் பார்த்தேன். டவரின் உச்சியில் மெல்லிசாக இன்னொரு கம்பி போவது தெரிந்தது.

"அதோ மேல ஒண்ணு இருக்கே. மூணு சரியாப் போச்சு."

"அதுல வீங்கான் இல்ல" என்றாள்.

பார்த்தேன். இல்லைதான். மேலே இருந்த கம்பி இரும்போடு இரும்பாக நேரே கட்டப்பட்டிருந்தது. அதில் கரண்ட் ஓடினால் டவர் முழுக்க ஷாக் அடிக்குமே, அது இடி விழுந்தால் தாங்குவதற்காகக் கட்டியது என்றாள். அவள் சொன்னது சரி என்று தெரிந்த அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட எரிச்சலை இங்கே விவரிக்க வேண்டாம்.

"அப்ப மூணாவது கம்பியை எவனோ திருடிட்டுப் போயிருப்பான்" என்றேன்.

"இல்ல. வேலை இன்னும் முதியல. மூணாவதை இனிமேத்தான் இழுவ்வாங்க."

"இவ்வளவு நாளா முடிக்காமலா?"

"கவர்மெந்து வேலைதானே?"

எங்கள் குரல் உயர்ந்ததைக் கேட்டு என் கணவர் படியேறி ஓடிவந்தார். நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்வதைப் பார்த்து அவருக்குப் பயம் வந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் சிரித்தார். "கம்பி ரெண்டு இருந்தா என்ன, இருபது இருந்தா என்ன? நம்ம வீட்டுக்குக் கரண்ட் வருதில்ல?"

நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் அவர் பக்கம் திரும்பினோம். அவர் வந்த வழியே கீழே இறங்கிவிட்டார்.

அன்றைக்குப் பந்தயம் போட்டுக்கொண்டோம். யார் சொன்னது தப்போ அவர், மற்றவரைப் பார்த்து, அண்ணன் காது கேட்க, "நீ சொன்னதுதான் சரி" என்று சொல்ல வேண்டும். இருவருமே வாழ்நாளில் அடுத்தவரிடம் சொல்லாத வாக்கியம் அது.

சனிக்கிழமை எனக்கு அலுவலகம் இல்லை. காலையில் அவளுக்கு இரண்டாவது தடவை ஊசி. டாக்டர் வீட்டு வாசலிலேயே அவளை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குப் போய், லைன் எங்கே முடிகிறதோ அதுவரை பார்த்துவிடுவது என்று திட்டம். நான் ஓட்ட வேண்டும், அவள் வானத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். ஆனால் வழி சொல்கிற வாய் மரத்திருந்தது.

"லெத்து! லெத்து!"

"என்னது?"

"லெத்து!" என்று என் இடது தோளில் ஓங்கி அடித்தாள். அதற்குள் நான் நேரே போய் ஒரு செங்கல் சூளைக்குள் நுழைந்துவிட்டேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் லோடு வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லித் திரும்பினோம். அதற்குப் பிறகு இடது தோளில் அடித்தால் இடது, வலது தோளில் அடித்தால் வலது, தலையில் அடித்தால் நிறுத்து என்று முடிவு செய்துகொண்டோம். தலைக்கான விதியை நான் ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது. ஹெல்மெட் இருந்ததே என்று அவள் பிற்பாடு சமாதானம் சொன்னாள்.

மதுராந்தகம் போகிற பக்கமாக லைன் நீண்டது. பெரிய ரோட்டை விட்டு விலகி, ஏரிக்கரை மேல் ஏறி, மறுபடி வயலுக்கு இறங்கியது. டவர்களுக்கு ரோட்டைப் பற்றிக் கவலை இல்லை. குறுக்கே எது வந்தாலும் தாண்டி நேராகப் போய்விடும். நாங்கள்தான் ஒவ்வொரு தடவையும் சுற்றிக்கொண்டு போய் அதைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஒரு டவரின் காலடிக்கே போக முடிந்தது. மண்டையோடு போட்ட அபாயப் பலகைக்குக் கீழே இருவரும் கழுத்தை வளைத்துப் பார்த்தோம். முதல் அடி எனக்குத்தான் விழுந்தது.

"அண்ணி, கம்பியைத் திருடினவன் பீங்கானையும் கழட்டிட்டுப் போனானா?" மரமரப்பு கொஞ்சம் குறைந்து அவளுக்கு ப வரத் தொடங்கியிருந்தது. "டவரோட கையையுமா அறுத்துட்டுப் போனான்?"

மூன்றாவது கம்பிக்கு அந்த டவரில் இடமே இல்லை. இரண்டு கைகள், இரண்டு சரங்கள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இரண்டுக்காகவே செய்த டவர். என் திருடன் அந்த இடத்தில் செத்தான்.

ஆனால் அவளையும் சும்மா விடவில்லை. "இழுக்கப் போற மூணாவது கம்பியை எங்க மாட்டுவாங்க? உன் கழுத்துலயா? துருவைப் பாரு. அந்தக் காக்காய்க் கூட்டைப் பாரு. இதெல்லாம் வேலை முடியாத டவரா?"

கூட்டிலிருந்த காக்கை எங்களைப் பார்த்துக் கத்தியது. அவள் துருவையும் கூட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அப்ப வேணும்னேதான் ரெண்டு வெச்சிருக்காங்க" என்றாள். ஒரே நேரத்தில் இருவரும் தோற்றதால் யாருக்கும் அவமானம் இல்லை. அப்போது வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். திரும்ப வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

அடுத்த ஊரில்தான் மாட்டிக்கொண்டோம்.

வயலோரம் வண்டியை நிறுத்திவிட்டு மேலே கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தோம். மோட்டார் கொட்டகையிலிருந்து லுங்கி கட்டிய ஒருவர் வேகவேகமாக வந்தார். என்னைவிட வயதில் கொஞ்சம் மூத்தவராக இருப்பார்.

"இன்னா மேடம், அளக்க வந்துகிறீங்களா?"

"இல்லைங்க, சும்மா பாக்கறோம்."

"போன தபா வந்தவங்களும் சும்மா பாக்கறோம்னுதான் சொன்னாங்கோ. அப்பால அந்தாண்ட வயல்ல குழி தோண்டி டவரு நட்டுட்டாங்கோ. இப்ப எங்க நெலத்துலயா?"

"ஐயோ, நாங்க ஆபீஸ்காரங்க இல்லைங்க."

"கம்பி எண்றோம்" என்றாள் என் நாத்தனார் உதவியாக.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கம்பி எண்றதுன்னா ஜெயிலுக்குல்ல போவணும்? வயக்காட்டுக்கு வந்துகிறீங்களே!"

அதற்குள் இரண்டு மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். வெங்காயக் கூடையோடு போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். "கரண்ட் ஆபீஸா நீங்க? நல்லதா போச்சு. தலைக்கு மேல இம்மாம் பெரிய லைனு போய்கினே கீது, என் வூட்ல மிக்ஸி சுத்த மாட்டேங்குது. காலைல சட்னிக்கு வெச்சா சாயங்காலம் ஆவுது. இதுக்கு இன்னா சொல்ற நீ?"

"அம்மா, நாங்க கரண்ட் ஆபீஸ் இல்லை. இவ என் நாத்தனார். நான் இவளோட அண்ணி. இவளுக்குப் பல்லு வலி. அதான் வந்தோம்."

சொல்லும்போதே எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. லுங்கிக்காரர் சிரித்தேவிட்டார்.

"நாத்தனாரும் அண்ணியும் ஒரே வண்டில. அதுவும் லீவு நாள்ல. யாரு காதுல பூ சுத்துறீங்கோ?"

கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். கரண்ட் ஆபீஸ்காரிகள் என்றுகூட நம்புவார்கள், இதை நம்ப மாட்டார்கள் போலிருந்தது. என் நாத்தனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. கைப்பேசியைத் திறந்து அவளுடைய வீட்டுக் கிரகப்பிரவேசப் படத்தைக் காட்டினாள். படத்தில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெங்காயக்கார அம்மாள் படத்தை வாங்கி உற்றுப் பார்த்தாள். "ஆமாம்பா, நெசம்தான். மூஞ்சியப் பாரு, ரெண்டும் எப்டி கீதுன்னு. நாத்தனாரு அண்ணியேதான்."

அதோடு சந்தேகம் தீர்ந்தது. ஆனால் மிக்ஸி தீரவில்லை. அந்த அம்மாளின் கரண்ட் அட்டையை எடுத்துவரச் சொல்லி, அதில் இருந்த புகார் எண்ணுக்கு அவள் ஃபோனிலிருந்தே அடித்துக் கொடுத்தேன். அவள் சட்னியிலிருந்து ஆரம்பித்து விரிவாகப் பேசினாள். அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுப் பதிந்துகொண்டார். மிக்ஸி அதற்குப் பிறகு சுற்றியதா என்று எனக்குத் தெரியாது. கிளம்பும்போது எங்கள் வண்டியின் முன்பக்கத்தில் ஒரு பை நிறைய வெங்காயம் இருந்தது. வேண்டாம் என்று சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை.

இந்த லைன் எங்கே போகிறது என்று அங்கிருந்தவர்களைக் கேட்டதற்கு, "எங்கேர்ந்தோ வருது, எங்கியோ போவுது" என்றார் லுங்கிக்காரர். "எங்க வூட்டுக்கு வரல, அது மட்டும் தெரியும்."

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ரயில்வே கேட் குறுக்கிட்டது. கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு முன்னால், உயரமான லாரி போய் ரயில் கம்பியில் இடித்துவிடாமல் இருக்க ரோட்டின் குறுக்கே நிறுத்திவைக்கும் இரும்புச் சட்டம். அதன் கீழே வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். ஒரு கூட்ஸ் வண்டி நிதானமாக, முடிவே இல்லாதது போல் போய்க்கொண்டிருந்தது. நான் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் ஹெல்மெட்டில் பலமாக ஓர் அடி விழுந்தது.

"நின்னுக்கிட்டுதானே இருக்கோம்!" என்றேன்.

"அண்ணி, அங்க பாருங்க!"

எங்கள் இரண்டு கம்பிகள் தலைக்கு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தன. தண்டவாளத்தை ஒட்டி வேலி போட்ட ஒரு வளாகம். உள்ளே ஜல்லி பரப்பி, சாம்பல் நிறத்தில் பெரிய டிரான்ஸ்பார்மர்கள். கேட் திறந்ததும் அங்கே போனோம். மூன்று மொழிகளில் பலகை இருந்தது. ரயில்வேயின் இழுவை மின் நிலையம் என்று நான் எழுத்துக் கூட்டுவது போலச் சத்தமாகப் படித்தேன். உள்ளேயிருந்து ஒரே சீராக ம்ம்ம் என்ற சத்தம் வந்துகொண்டிருந்தது.

வாசலில் காக்கிச் சட்டை போட்ட காவலாளி எழுந்து வந்தார். "போட்டோ எடுக்கக் கூடாது."

"எடுக்கலைங்க. வெளியேர்ந்து பாக்கறோம்."

"பாக்கறதுக்கு இதுல இன்னா கீது?"

"வர்ற கம்பி ரெண்டுதான் இருக்கு, பாத்தீங்களா?" என்றாள் என் நாத்தனார்.

அவர் திரும்பி மேலே பார்த்தார். விரலை நீட்டி எண்ணினார். "அட, ஆமா" என்றார். "தினமும் இங்கதான் நிக்கிறேன். கேட்டைத்தான் பாத்துகினு இருந்தேன், மேல பாக்கல." எனக்கு அவர் மேல் பிரியம் உண்டாகிவிட்டது.

வேலிக்கு வெளியே நின்று மூன்று பேரும் பார்த்தோம். இரண்டு கம்பிகளும் டிரான்ஸ்பார்மரின் ஒரு பக்கத்தில் போய்ச் சேர்ந்தன. மறுபக்கத்திலிருந்து புறப்பட்ட ஒன்று, தண்டவாளத்துக்கு மேலே போகும் ரயில் கம்பியை நோக்கி ஏறியது. இன்னொன்று மேலே ஏறவே இல்லை. பட்டையாக மண்ணுக்குள் இறங்கி, தண்டவாளம் இருக்கும் பக்கமாகப் போனது.

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு" என்றாள் அவள். "கரண்ட் மேல் கம்பியில வந்து, ரயிலுக்குள்ள பூந்து, சக்கரம் வழியா தண்டவாளத்துல எறங்கி, திரும்ப இங்கயே வருது. ரயிலுக்கு ரெண்டு போதும் அண்ணி. அதான் ரெண்டு!"

தினமும் செங்கல்பட்டிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் போய் வருகிறவள் நான். கரண்ட் மேலேயிருந்து வருகிறது என்று தெரியும். எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வரும், அவ்வளவுதான். விருந்தாளி மாதிரி அது திரும்பிப் போகவும் வேண்டும் என்று தோன்றவில்லை.

"சரி, மூணாவது யாருக்கு?" என்று கேட்டேன். அவளுக்கும் அது தெரியவில்லை. இன்ஜினியரிங் படிக்கும் அவள் பையனுக்கு ஃபோன் போட்டாள். "அது இந்த செமஸ்டர்ல வரலைம்மா" என்று சொல்லி வைத்துவிட்டான். பிறகு புதுப்பட்டினத்தில் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் மின்சாரத் துறையில் இன்ஜினியர். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். காவலாளியும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

கரண்ட் கிளம்புகிற இடத்தில் மூன்று கம்பிகள் இருக்கும், அவற்றில் இரண்டை இந்த நிலையம் எடுத்துக்கொள்ளும், அடுத்த ஊரில் இருக்கும் நிலையம் வேறு இரண்டை எடுக்கும், அதற்கடுத்தது இன்னும் வேறு இரண்டை, அப்போதுதான் மூன்று கம்பிகளுக்கும் பாரம் சமமாக இருக்கும் என்றாள் அந்தப் பெண்.

"புரிஞ்சுது" என்றாள் நாத்தனார். "மூணு மருமக இருக்கற வீட்ல ஒரு நாளைக்கு ரெண்டு பேரா முறை வெச்சு சமைக்கற மாதிரி."

"கிட்டத்தட்ட" என்றது ஸ்பீக்கர். "ஆனா ஒரு ஜோடியோட கரண்டும் இன்னொரு ஜோடியோட கரண்டும் தொட்டுக்கக் கூடாது ஆன்ட்டி. அதனால ரெண்டுக்கும் நடுவுல ரயில் கம்பியில கொஞ்ச தூரம் கரண்டே இருக்காது. அங்க டிரைவர் சுவிட்சை அணைச்சிட்டு, வண்டி போற வேகத்துலயே தாண்டிடுவார்."

"அதுவும் மருமகளுங்க மாதிரிதான்" என்றேன் நான். காவலாளி சத்தமாகச் சிரித்தார். அவர் வீட்டில் எத்தனை மருமகள்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தினமும் நான் போகும் ரயிலில், வழியில் ஓரிடத்தில், இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே, ஃபேனும் விளக்கும் சட்டென்று நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி சுற்றும். தினமும் அதே இடம். மகளிர் பெட்டியில் இதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். கரண்ட் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது ஒருத்தியின் கட்சி. அந்த இடத்தில் யாரோ விழுந்து செத்திருக்க வேண்டும் என்பது இன்னொருத்தியின் கட்சி. நான் பொதுவாக ரயில்வேயைத் திட்டும் கட்சி.

வீட்டுக்குத் திரும்பியதும் என் கணவர் வாசலிலேயே, "யார் ஜெயிச்சீங்க?" என்று கேட்டார்.

"ரயில்" என்றோம் இருவரும். பிறகு வெங்காயத்தை உரிக்க உட்கார்ந்தோம். அவர் கொஞ்ச நேரம் சமையலறை வாசலில் நின்று பார்த்தார். எங்களுக்குள் சேதி சொல்ல அவர் தேவைப்படவில்லை என்பதில் அவருக்கு நிம்மதியா வருத்தமா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் பல்லுக்கு உறை போடுவதற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க வேண்டியிருந்தது. என்னோடு காலை ரயிலில் வந்தாள். மகளிர் பெட்டியில் எங்கள் வழக்கமான கூட்டம். ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். என் நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த இடத்துக்கு முன்னால் டிரைவருக்குப் பலகைகள் வைத்திருப்பார்கள் என்று மாடிவீட்டுப் பெண் சொல்லி அனுப்பியிருந்தாள்.

முதலில் ஐந்நூறு மீட்டர் என்று ஒரு பலகை போயிற்று. பிறகு இருநூற்றைம்பது. அவள் என் கையைக் கிள்ளினாள். அடுத்த பலகையில் ஆங்கிலத்தில் "டி.ஜே. ஓப்பன்" என்று இருந்தது. வருஷக்கணக்காக அது என் கண்ணில் பட்டிருக்கிறது. பக்கத்தில் ஏதோ கல்யாண மண்டபம், பாட்டுப் போடும் டி.ஜே.க்கு விளம்பரம் என்று நினைத்திருந்தேன். ரயில்காரர்கள் அந்தப் பெரிய சுவிட்சைத்தான் டி.ஜே. என்கிறார்களாம்.

"இப்ப ஃபேன் நிக்கும் பாருங்க" என்று பெட்டிக்கே கேட்கும்படி அறிவித்தாள்.

நின்றது.

கீரை ஆய்ந்தவள் நிமிர்ந்தாள். தூங்கியவள் வேர்வையில் கண் விழித்தாள்.

"இப்ப சுத்தும்."

சுற்றியது.

பெட்டியே எங்கள் பக்கம் திரும்பியது. கீரைக்காரி மடியில் இருந்த காம்புகளை அப்படியே விட்டுவிட்டு எதிர் சீட்டுக்கு நகர்ந்து வந்தாள். "எப்டிக்கா சொன்ன நீ?"

"தெரியும்" என்றாள் நாத்தனார், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

கீரைக்காரி குரலைத் தாழ்த்தினாள். "என் பொண்ணுக்கு ரெண்டு வருஷமா வரன் பாத்துகினு கீறோம். எப்ப அமையும்னு சொல்லேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினேன். என் நாத்தனார் அவளை ஆழ்ந்து பார்த்தாள். "வர்றதுக்கு முன்னாடி ஐந்நூறு மீட்டர்லயே போர்டு வெச்சிருப்பாங்க. பாத்துக்கிட்டே இருங்க" என்றாள். கீரைக்காரி அதில் ஏதோ பெரிய அர்த்தம் இருப்பதாக எடுத்துக்கொண்டு பயபக்தியோடு தலையாட்டினாள். தாம்பரம் வருவதற்குள் உண்மையைச் சொல்லிவிட்டோம். ஆனாலும் அவள் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. இறங்கும்போது என் நாத்தனாருக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றாள்.

சாயங்காலம் திரும்பி வரும்போது, உறை போட்ட பல்லோடு, அதே வித்தையை வேறொரு கூட்டத்திடம் காட்ட அவள் தயாராக இருந்தாள். ஏறி உட்கார்ந்து மேலே பார்த்தோம். அந்தப் பெட்டியில் ஃபேன் எதுவும் ஓடவே இல்லை. நிற்கும் என்று சொல்வதற்கு ஏற்கெனவே எல்லாம் நின்றிருந்தன. செங்கல்பட்டு வரை புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, ரயில்வேயைத் திட்டும் என் கட்சியில் அவளும் சேர்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் புதுப்பட்டினத்துக்குப் போய்விட்டாள். இப்போது ஃபோன் செய்தால் "அண்ணா இருக்காரா?" என்று கேட்பதில்லை. நான் எடுத்ததும் நேரே பேச்சைத் தொடங்கிவிடுகிறாள். ஒரு சாயங்காலத்தில் டவருக்கும் கம்பத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஆரம்பித்து, அவள் மாமியார், என் மேலதிகாரி, வெங்காய விலை வரை போய்விட்டோம். என் கணவர் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்று, தானே பரிமாறிக்கொண்டு போனார்.

போன மாதம் சென்னையில் ஒரு கல்யாணத்துக்காக அவள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு அலுவலகத்தில் ஆடிட்டர் வந்திருந்த நேரம். ஃபோன் வந்தது.

"அண்ணி, முட்டுக்காட்டுல போட் ஹவுஸ் தாண்டி ஒரு லைன் தண்ணிக்கு மேல போகுது. கம்பியில வரிசையா ஆரஞ்சும் வெள்ளையுமா பந்து கட்டியிருக்காங்க. ஃபுட்பால் மாதிரி இருக்கு. எதுக்கா இருக்கும்?"

"பறவைக்கா?"

"பறவைக்கு எதுக்கு அவ்வளவு பெரிய பந்து? பிளேனுக்கா இருக்கும்னு தோணுது."

"அவ்வளவு தாழ பிளேன் பறக்குமா? எத்தனை கம்பியில கட்டியிருக்காங்க? மேல் கம்பியிலயா, கீழயா?" என்று கேட்டேன். ஆடிட்டர் கையில் பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல. பஸ் ஸ்டாப்புல நிக்குது, இங்கேர்ந்து ஒரு மரம் மறைக்குது."

"சரி, கல்யாணத்துக்கு நேரமாச்சு. பஸ்ஸை விட்டு எறங்கி வைக்காதே" என்றேன்.

ஃபோனில் கடல் காற்று இரைந்தது. தூரத்தில் கண்டக்டரின் விசில் கேட்டது. பிறகு ஒரு பஸ் கிளம்பிப் போகும் சத்தம்.

"எறங்கிட்டேன் அண்ணி" என்றாள்.